நூற்றிருபது கற்களும் இரண்டு மணித் தண்ணீரும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் என் மரியாதை திடீரென்று கூடிவிட்டது. காரணம் என் சமையல் இல்லை. சத்தியமாக இல்லை.

மகள் லேப்டாப்பில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நாட்டுக்காரரோ, ஓர் ஆள் வீடியோ கேம் ஆடுகிறார். திரையின் ஓரத்தில் ஒரு கடிகாரம் தலைதெறிக்க ஓடுகிறது. அவர் ஆடுவதை நாலு கண்டத்து ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கிறார்களாம்.

"ஸ்பீட்ரன்மா. ஒரு கேமை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம்னு பார்க்கிறது. உனக்குப் புரியாது."

கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "நேரா கடைசிக்கு ஓடி முடிக்கிறதா… இல்ல, ஒண்ணு விடாம எல்லாத்தையும் எடுத்துட்டு முடிக்கிறதா?"

மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாத்தையும் எடுத்துட்டு."

"அப்ப விஷயம் கையில இல்ல. எந்த வழியா போறதுன்னு முடிவு பண்றதுலதான் இருக்கு. இந்த ஆளு ஏன் இப்பவே அந்தத் தண்ணிக்குள்ள இறங்குறாரு? மறுபடி ஒரு தடவை வரணுமே?"

இரண்டு நிமிடம் கழித்து அந்த ஆள் மறுபடி ஒரு தடவை வந்தார்.

மகள் லேப்டாப்பை மூடிவிட்டாள். "அம்மா… நீ யாரு?"

நியாயமான கேள்விதானே? மின்சாரக் கட்டணம் கட்டும் ஆப்பையே அவளிடம் கேட்டுக் கேட்டு இயக்கும் அம்மா நான். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கும் உங்களுக்கும் இது புதுச் செய்தியாகத்தான் இருக்கும். சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. நான் பசுமலையில் ஒரு கல்லூரியில் டிகிரி கடைசி வருடம். ஊர் திருமங்கலம். தினமும் பஸ். என் கூடப் படித்தவள் ஹேமா. மஹாலுக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை ஓடும். நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் தமிழுக்கு மாறுவார்கள். என்னைத் திட்ட வேண்டியிருந்தால் மட்டும் பழைய பாஷைக்கே போய்விடுவார்கள். அந்த அளவுக்கு நாகரிகம்.

ஹேமா வகுப்பில் முதல் ஆள். நான் நடுவில் எங்கோ.

கடைசி பரீட்சை முடிந்த அன்று ஹேமாவின் ஸ்கூட்டியை "நான் ஓட்டுறேன்டி" என்று கெஞ்சி வாங்கினேன். அவள் பின்னால் உட்கார்ந்தாள். பழங்காநத்தம் பக்கம் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. குறுக்கே புகுந்து போகலாமே என்று ஒரு சந்துக்குள் திருப்பினேன். யாரோ வீடு கட்டுவதற்காகக் கொட்டி வைத்திருந்த மணல்…

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஹேமாவுக்கு வலது கால் எலும்பு இரண்டு இடத்தில்.

நான்கு நாள் கழித்துக் கல்லூரிக்கு ஒரு சென்னைக் கம்பெனி ஆள் எடுக்க வந்தது. யாருக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஹேமாவுக்குக் கிடைக்கும் என்று வாட்ச்மேன் வரை சொல்லிக்கொண்டிருந்த இன்டர்வியூ. அவள் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள்.

"நீயாவது போய்ட்டு வாடி" என்றாள்.

போனேன். அவர்கள் கேட்டதில் பாதிக்கு மேல், பரீட்சைக்காக ஹேமா எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்கள்.

அதற்கப்புறம் தினமும் அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். திருமங்கலத்தில் பஸ் ஏறி, பெரியார் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நடை. என் வீட்டில் கேட்டால் "பாவம், தனியா இருப்பா" என்பேன். உண்மை என்ன? அவள் காலைப் பார்க்காமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்த்தாலும் இறங்கவில்லை.

ஹாலில் டிவிக்கு எதிரே அவள் கட்டிலைப் போட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவள் அண்ணன் போன லீவில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன ஒரு கேம் பெட்டி டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடந்தது. கூடவே அட்டையில்லாத ஒரே ஒரு சிடி. அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஜப்பான் எழுத்து என்றாள் அவள். சீனம் என்றேன் நான்.

நாங்களே பெயர் வைத்தோம். பாதாளம்.

பூமிக்கு அடியில் ஓர் ஊர். அதில் கையில் விளக்கோடு ஒரு குட்டிப் பையன். ஆட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய கல் கதவு, அதன் மேல் 120 என்று ஓர் எண். காடு, கோட்டை, ஏரி, நெருப்புச் சுரங்கம், பனிக்குகை என்று ஐந்து இடங்களில் நீலக் கற்கள் ஒளிந்து கிடக்கும். நூற்றிருபதையும் கொண்டுவந்தால் கதவு திறக்கும். பின்னால் என்ன இருக்கிறது? அது தெரியத்தானே ஆடுவது.

ஒரு சங்கடம். ஆடியதைச் சேமித்து வைக்கும் கார்டு கெட்டுப்போயிருந்தது. ஹேமாவின் அப்பா டவுன்ஹால் ரோட்டில் ஏறி இறங்காத கடை இல்லை. "அப்படி ஒண்ணு இருக்கான்னே தெரியலங்குறாங்க" என்று வந்து சொன்னார். அதனால் தினமும் முதலிலிருந்துதான் ஆட வேண்டும்.

இன்னொரு சங்கடம். பதினொரு மணி வரை அவள் அம்மா சீரியல் பார்ப்பார். பகல் இரண்டு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். வந்ததும் தெரு முழுக்க மோட்டார் போடுவார்கள். போடக் கூடாது என்று சட்டம். போடாத வீடு கிடையாது. அத்தனை மோட்டாரும் சேர்ந்து இழுத்ததும் வோல்டேஜ் பாதாளத்துக்குப் போகும். ஃபேன் முனகும். டிவி சுருங்கும். கேம் பெட்டி செத்து, மறுபடி பிறந்து, அந்தக் குட்டிப் பையனைக் கல் கதவின் முன்னால் வெறுங்கையோடு நிறுத்தும்.

ஆக, பதினொன்று முதல் இரண்டு. மூன்றே மணி நேரம். நாங்கள் எவ்வளவு முக்கினாலும் அறுபது கல்லைத் தாண்டவில்லை.

முதல் இரண்டு வாரம் அதைப் பற்றி நாங்கள் கவலைப்படவும் இல்லை. சும்மா சுற்றுவோம். காளான் காட்டில் உட்கார்ந்து தவளை பார்ப்போம். வலி வந்தால் ஹேமா ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். நான் தவளையைப் பார்ப்பேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. நான் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னாள். "விஜி, மூணு மணி நேரத்துக்குள்ள நூத்திருவதையும் எடுக்கணும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள."

"அது என்ன கணக்கு, வெள்ளிக்கிழமை?"

"சனிக்கிழமை கட்டுப் பிரிக்கிறாங்கல்ல. அதுக்கு முன்னாடி."

அவள் முகத்தில் பழைய ஹேமா தெரிந்தாள். பரீட்சைக்கு முந்தின வாரத்து ஹேமா. எனக்கு அது போதுமாக இருந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை.

கேட்க எனக்கு யோக்கியதையும் இல்லை. ஏனென்றால் முந்தின வாரமே அந்தச் சென்னைக் கம்பெனியிலிருந்து எனக்குத் தபால் வந்துவிட்டது. வேலை உறுதி. வெள்ளிக்கு அப்புறம் வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு தினமும் அவள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவள் கேட்டபோதெல்லாம் "இன்னும் ரிசல்ட் வரலடி" என்றேன்.

நம்மில் எத்தனை பேர் கைப்பையில் இப்படி ஒரு கடிதத்தோடு திரிகிறோம்?

சரி, வழிக்கு வருகிறேன். வழி என்றால் நிஜமாகவே வழி.

ஆட்டத்தைச் சீக்கிரம் முடிப்பது வேகமாக ஓடுகிறவர்களின் வேலை என்று நினைப்பீர்கள். இல்லை. ஒரே நாளில் மாட்டுத்தாவணியில் பூ, கீழமாசி வீதியில் அரிசி மூட்டை, தெற்குமாசி வீதியில் புடவை, டைலர் கடையில் ரவிக்கை எல்லாம் வாங்கி வர வேண்டும் என்று வையுங்கள். பூவை முதலில் வாங்கினால் வீடு வருவதற்குள் வாடும். அரிசியை முதலில் வாங்கினால் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். புடவை இல்லாமல் டைலரிடம் போய்ப் பயனில்லை. கால் எவ்வளவு வேகமாக நடந்தாலும் வரிசை தப்பினால் பொழுது போச்சு. பாதாளமும் அதே கதைதான். சில கல்லுக்குச் சுத்தியல் வேண்டும். சில கல்லுக்குத் தண்ணீருக்கு அடியில் மூச்சுவிட ஒரு சங்கு வேண்டும். சுத்தியல் ஓரிடத்தில், சங்கு ஓரிடத்தில்.

காலாவதியான மாத காலண்டர் தாள்களை ஹேமாவின் அம்மா எடுத்து வைத்திருந்தார். அவற்றின் முதுகில் நான் வரைபடம் போட்டேன். ஓர் இடத்துக்கு ஒரு தாள். கல்லுக்கு நீலப் புள்ளி. தாண்ட முடியாத இடத்துக்குச் சிவப்புக் கோடு. ஹேமா பொத்தானை அழுத்துவாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவேன்.

முதல் சண்டை அன்றைக்கே வந்தது.

"ஒரு இடத்துக்குப் போனா அங்க உள்ளதை எல்லாம் எடுத்துட்டுத்தாண்டி கிளம்பணும். சுத்தமா இருக்கும்" என்றேன்.

"எடுக்க முடியாததுக்கு முன்னாடி நின்னு என்ன செய்வ? விட்டுட்டுப் போ. சங்கை எடுத்துட்டுத் திரும்ப வந்தா ஒரே முட்டுல அம்புட்டும் கிடைக்கும்."

"விட்டா மறந்துபோகும்."

"அதுக்குத்தான் நீ நோட்டு வச்சிருக்க."

அவள் சொன்னதுதான் சரி. ஆனாலும் ஏரிக்கு மட்டும் மூன்று தடவை போய்வர வேண்டியிருந்தது. போவது சுலபம். அடிமட்டத்திலிருந்து மேலே ஏறி வாசலுக்கு வர நாலு நிமிடம். புதன்கிழமை அப்படி ஏறும்போது ஹேமாவின் கை தவறியது. குட்டிப் பையன் மூச்சுமுட்டிச் செத்தான். "போச்சு" என்றேன். திரை இருண்டு வெளுத்தது. பையன் ஏரி வாசலில் நிற்கிறான். எடுத்த கல் அத்தனையும் பத்திரமாகக் கையில்!

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நடந்தால் நாலு நிமிடம். செத்தால் பத்து விநாடி.

வெள்ளிக்கிழமை அதைப் பழகிக்கொண்டிருந்தோம். கல்லை எடுத்ததும் சங்கைக் கழற்றிவிட்டு மூச்சு முட்ட நிற்க வேண்டும். கடிகாரம் ஓடுகிறது. பையன் லேசில் சாக மாட்டேன் என்கிறான். நான் என்னை மறந்து கத்தினேன். "சாகுடி! சீக்கிரம் சாகு! இன்னும் எதுக்கு உசுரோட இருக்க?"

அடுப்படி வாசலில் ஏதோ விழுந்த சத்தம். ஹேமாவின் அம்மா கையில் கரண்டி இல்லாமல் நின்றார்.

"யாரைப் பாத்துச் சொல்ற?"

நான் திரையைக் காட்டினேன்.

"காலை ஒடிச்சது பத்தாதா? கட்டுப் போட்டுக் கிடக்குற புள்ளையப் பாத்து, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, என்ன வார்த்தை பேசுற நீ?"

அத்தனை நாளில் அவர் வாயிலிருந்து அந்தக் கால் பேச்சு வந்ததே இல்லை. அன்றுதான் வந்தது. அதுவும் தமிழில். எனக்குப் புரிய வேண்டும் என்றே தமிழில்.

ஹேமா அவர்கள் பாஷையில் வேகவேகமாகச் சொன்னாள். பையனைக் காட்டினாள், ஏரியைக் காட்டினாள், சிரித்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையன் அவர் கண்ணெதிரே செத்து வாசலில் முளைத்தான்.

"வேற வார்த்தை சொல்லுங்க" என்றார் கடைசியில். "ஊருக்குப் போன்னு சொல்லுங்க."

"சரிம்மா."

இரண்டடி போய்த் திரும்பினார். "போன்னும் சொல்லாதீங்க. போய்ட்டு வான்னு சொல்லுங்க."

அன்று முதல் எங்கள் பாஷையில் சாவுக்கு அதுதான் பெயர். ஏரிக்கு அடியில் நின்று "போய்ட்டு வா, போய்ட்டு வா!" என்று கத்துவேன். பையன் போய்விட்டு வருவான்.

பகுதி பகுதியாக ஆடிப் பார்த்து நோட்டில் கூட்டியதில், திங்கட்கிழமைக்குள் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு வந்துவிட்டோம். இன்னும் இருபது நிமிடம் குறைய வேண்டும். எங்கே குறைப்பது?

தாள்களைக் கட்டில் முழுக்கப் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஹேமா நெருப்புச் சுரங்கத்தில் விரலை வைத்தாள். அங்கே ஒரு நெருப்புப் பள்ளம். அதைக் கடக்கக் கயிறு வேண்டும். கயிறு எடுக்கக் கோட்டைக்குப் போக வேண்டும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம்தான் சங்கு.

"கயிறு இல்லாம தாண்டினா? முதல்ல சங்கு. அப்புறம் ஏரிக்கு ஒரே ஒரு தடவை."

"விழுந்துருவ."

"விழுந்தா மறுபடி தாண்டுறேன்."

பழகிப் பார்த்தாள். பதினைந்து தடவையில் பதினொரு தடவை விழுந்தாள். நான் நோட்டைப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். ஒவ்வொரு விழுகைக்கும் ஏழு நிமிடம் நஷ்டம். மூன்றாவது முயற்சிக்குள் தாண்டினால் லாபம். இல்லையென்றால் பழைய வழியே மேல்.

"வேணாம்டி. குறுக்கு வழி எல்லாம் நமக்கு ஆகாது. சுத்துனாலும் நல்ல வழியில போவோம்."

ஹேமா ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். "ஸ்கூட்டில விழுந்ததுல இருந்து நீ எல்லாத்துக்கும் பயப்படுற."

"விழுந்தது நீ."

"ரெண்டு பேரும்தான் விழுந்தோம். எனக்குக் கட்டு வெளிய தெரியுது. அம்புட்டுத்தான்."

பென்சிலை எடுத்தேன். பழைய வழியை அடித்துவிட்டு, முதல் வரியில் 'சுரங்கம்' என்று எழுதினேன்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அந்த ஒரு தாவலைத்தான் பழகினாள். சுரங்கம் ஆட்டத்தின் தொடக்கத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது வசதி. பள்ளத்தின் விளிம்பில் ஒரு விரிசல். அதன் மேல் கால் படும்போது அழுத்த வேண்டும். முன்னால் அழுத்தினாலும் நெருப்பு, பின்னால் அழுத்தினாலும் நெருப்பு. வியாழக்கிழமை பத்துக்கு ஆறு தாண்டினாள்.

வெள்ளிக்கிழமை. அம்மா தம் சீரியலின் கடைசி ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுத்தார். பத்து ஐம்பத்தைந்துக்கே தொடங்கினோம்.

முதல் தாவல்… நெருப்பு. இரண்டாவதில் தாண்டிவிட்டாள். நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. சங்கு. ஏரி. ஒரே முழுக்கில் முப்பத்தொரு கல். "போய்ட்டு வா!" கோட்டையில் சுத்தியல். பனிக்குகை. காடு. நான் தாள் தாளாகக் கீழே போட்டேன். வாய் வறண்டு போயிருந்தது. அம்மா இரண்டு டம்ளர் மோரை வைத்துவிட்டுப் போனார். இருவரும் தொடவில்லை.

ஒன்று நாற்பத்தைந்து. நூற்றுப் பதினேழு. மீதி மூன்றும் கோட்டை உச்சியில், அடுத்தடுத்து. பத்து நிமிடம் போதும். பதினைந்து நிமிடம் இருக்கிறது.

அப்போது தெருவில் ஒரு பெண் குரல். "தண்ணி வந்திருச்சேய்…!"

இத்தனை நாளில் ஒரு தடவை கூட இரண்டுக்கு முன்னால் வராத தண்ணீர்.

முதல் மோட்டார். இரண்டாவது. பிறகு எண்ண முடியவில்லை. ஃபேன் முனகியது. படம் நாலு பக்கமும் உள்ளே சுருங்கியது. கோட்டைப் படியில் ஓடிக்கொண்டிருந்த பையன் கோடாகிப் புள்ளியாகி… இல்லை. மறுபடி திரை வெளுத்தபோது கல் கதவின் முன்னால் வெறுங்கையோடு நின்றான்.

வீட்டு வாசலில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது.

"எம்புட்டு?" என்றாள் ஹேமா.

"நூத்திப் பதினேழு."

அவள் சிரித்தாள். நான் அழுதேன். கேம் போனதற்காக இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு ட்ரெயினு?"

"எந்த… ட்ரெயினு?"

"சென்னைக்கு. திங்கக்கிழமை சேரணும்ல?"

கட்டிலுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் போன் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் போன் கிடையாது. விண்ணப்பத்தில் தொடர்புக்கு என்று நான் எழுதிக் கொடுத்திருந்தது இந்த வீட்டு நம்பர்!

"போன வாரம், திங்கக்கிழமை சாயங்காலம், ஒரு அம்மா கூப்பிட்டுச்சு. லெட்டர் வந்துச்சா, சேருவீங்களான்னு இங்கிலீஷ்ல கேட்டுச்சு. நீ இல்லைன்னு சொன்னா வேற யாருக்காவது குடுத்துருவாங்களோன்னு பயம். நானே நீயாப் பேசிட்டேன். எஸ் மேடம், ஐ வில் ஜாயின்னு."

அதற்கு மறுநாள் செவ்வாய். மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அவள் ஆரம்பித்த செவ்வாய். கட்டுப் பிரிக்கும் சனிக்கிழமை எல்லாம் ஒரு சாக்கு. நான் கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"நான் போகலடி" என்றேன். "அது உன் வேலை. நான் போக மாட்டேன்."

ஹேமாவுக்கு வந்த கோபத்தை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "நீ போகலேன்னா என் எலும்பு சேந்துருமா? பத்து நாளா நீயாச் சொல்லுவ, சொல்லுவன்னு பாத்துட்டே இருக்கேன். தினமும் எதிர்ல உக்காந்து பொய் சொல்ற. கால் வலிச்சத விட அதுதான் வலிச்சுச்சு."

நான் கைப்பையைத் திறந்து அந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். நாலு மடிப்பும் கிழியும் நிலையில் இருந்தது. வாங்கி முழுசாகப் படித்தாள். சம்பளத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள். "நானா இருந்தா இன்னும் கொஞ்சம் கேட்டிருப்பேன்."

அழுதுகொண்டே சிரித்தேன். எவ்வளவு அசிங்கமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் தெரிகிறது.

கிளம்பும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "வாரேன்டி."

"போய்ட்டு வா" என்றாள் ஹேமா.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

சென்னையில் பெண்கள் விடுதி. வரவேற்பு மேஜையில் ஒரு போன். ஒரு மாதம் கழித்து எனக்கு அழைப்பு. ஹேமாவின் குரல் கரகரவென்று கேட்டது.

"முடிச்சிட்டேன்டி! நூத்திருவது! ரெண்டு மணி நாப்பத்தெட்டு நிமிஷம். அம்மாதான் டைம் பாத்தாங்க."

விடுதி என்பதை மறந்து கூவினேன். "கதவுக்குப் பின்னாடி என்னடி இருக்கு?"

"தெரியாது."

"என்னது?"

"கதவு முன்னாடி போய் நின்னேன். அழுத்தினா தெறக்கும். தனியா எப்படிப் பாக்குறது? அணைச்சிட்டேன்."

ஆயிரக்கணக்கான பொத்தான் அழுத்தங்களை மனப்பாடம் செய்து, நெருப்பைத் தாண்டி, மூழ்கிச் செத்து, நூற்றிருபதையும் சேர்த்துக்கொண்டு போய், கடைசிப் பொத்தானை அழுத்தாமல் ஒருத்தி பெட்டியை அணைக்கிறாள். இதைச் சொன்னால் என் மகள் தலைமுறை நம்புமா? அவர்கள் கணக்குப்படி அது முடிக்காத ஆட்டம். என் கணக்கில், அதைவிட முழுசாக எவரும் ஓர் ஆட்டத்தை முடித்ததில்லை.

தீபாவளி லீவில் முதல் தடவை ஊருக்கு வந்தேன். வீட்டில் பையைப் போட்டுவிட்டு நேராகப் பெரியார் பஸ்ஸைப் பிடித்தேன். ஹேமா வாசல் வரை நடந்து வந்து கதவைத் திறந்தாள். லேசாகச் சாய்ந்து நடந்தாள். அந்தச் சாய்வு இன்றும் இருக்கிறது. அடுத்த மாதமே அவளுக்கு வேலை கிடைத்தது. சம்பளம் என்னைவிட அதிகம். கேட்டு வாங்கியிருப்பாள்.

அன்று நான் தாள்களோடு என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். அம்மாவும் வந்து உட்கார்ந்தார். பலகாரத் தட்டு நடுவில். பண்டிகைக்கென்று தண்ணீரைக் காலையிலேயே விட்டுவிட்டார்கள். மோட்டார் பயம் இல்லை. ஹேமா அவசரமே படாமல் ஆடினாள். பள்ளத்தை முதல் தாவலில் தாண்டினாள். ஏரிக்கு அடியில் மூன்று பேரும் சேர்ந்தே சொன்னோம். கடைசி மூன்று கல்லும் கோட்டை உச்சியில் அப்படியே இருந்தன.

கல் கதவு. "நீ அழுத்து" என்று ஜாய்ஸ்டிக்கை என் கையில் கொடுத்தாள்.

கதவு கரகரவென்று உருண்டது. பின்னால் புதையல் இல்லை. ராஜகுமாரி இல்லை. ஒரு புல்வெளி. மேலே வானம். அந்த ஆட்டம் முழுக்க நாங்கள் பார்த்திராத வானம். பையன் விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்தான். அவ்வளவுதான். வேறெதுவும் நடக்கவில்லை.

"இம்புட்டுத்தானா?" என்றேன்.

"இம்புட்டுத்தான் போல" என்றாள் ஹேமா. ஆனால் அணைக்கவில்லை. இரண்டு பேரும் ரொம்ப நேரம் அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் நல்ல காலை மடக்கி, மற்றதை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என் கைப்பையில் அன்று எந்தக் கடிதமும் இல்லை.

சீக்கிரம் போய்ச் சேர ஆயிரம் குறுக்கு வழிகள் இருக்கின்றன. ஒன்றையும் விட்டுவிடாமல் போய்ச் சேரவும் வழி இருக்கிறது, கொஞ்சம் சுற்று. இரண்டும் ஒன்றாக வேண்டும் என்றால், விழுந்ததைச் சொல்லிக்காட்டாத ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். எனக்குத் தெரிந்த வரை அதற்கு வேறு தந்திரம் கிடையாது.

அம்மா முறுக்கைக் கடித்தபடியே, "சரி, மறுபடி முதல்ல இருந்து போடுங்க. நடுவுல நான் அடுப்பைப் பாக்கப் போயிட்டேன்" என்றார்.

போட்டோம்.